ஷீட்டு சாரும் வரிசை எண் அறுபத்து மூன்றும்

எங்கள் சந்தில் யார் வீட்டுக்குள் என்ன நுழைந்தது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடவுள். இன்னொருவர் ஷீட்டு சார். கடவுளுக்குச் சந்தேகம் வந்தால் ஷீட்டு சாரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார் என்று நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

திண்டுக்கல்லில் பேகம்பூரை ஒட்டிய சந்து அது. சார் வீட்டு மாடியில் இரண்டு வருடம் குடியிருந்தேன். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். வருகிற கடிதத்துக்கு எண் போட வேண்டும், எந்த மேசைக்குப் போனது என்று எழுத வேண்டும், பதில் வராவிட்டால் நினைவூட்டு அனுப்ப வேண்டும். அதுதான் வேலை. ஓய்வுக்குப் பிறகு கடிதம் வருவது நின்றது. பார்சல் வர ஆரம்பித்தது.

அவருடைய பார்சல் அல்ல, சந்துக்கே வருகிற பார்சல். எங்களுக்கெல்லாம் கதவில் பழைய எண் ஒன்று, புது எண் ஒன்று. சாருக்குப் புது எண் பதினாலு. எதிர்வீட்டு நூர்ஜஹான் அக்காவுக்குப் பழைய எண் பதினாலு. மாடியில் நான் பதினாலு பை ஒன்று. போனில் ஆர்டர் போடும்போது ஆளாளுக்குத் தோன்றிய எண்ணைப் போடுவோம். டெலிவரிக்கு வருகிறவர் மொட்டை வெயிலில் நின்று ஆராய்ச்சியா பண்ணுவார்? வாசலில் இருக்கும் சார் கையில் திணித்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்.

சார் சும்மா வாங்கி வைப்பாரா? மகன் விட்டுப்போன லேப்டாப்பில் ஒரு ஷீட்டைத் திறந்துவிட்டார். வரிசை எண், வந்த தேதி, யாருக்கு, என்ன பொருள், திருப்பி அனுப்பக் கடைசி நாள். இதெல்லாம் பரவாயில்லை. கடைசிக் கட்டம்தான் வில்லங்கம்: 'முப்பது நாளுக்குப் பின் பயன்பாட்டில் உள்ளதா?' அதை நிரப்ப நேரிலேயே வந்துவிடுவார்.

தொப்பையைக் குறைக்கிற வெறியில் நான் ஒரு யோகா விரிப்பு வாங்கியிருந்தேன். சரியாக முப்பதாம் நாள் காலையில் சார் படியேறி வந்தார்.

"தம்பி, வரிசை எண் அறுபத்து மூணு எங்க இருக்கு?"

அசடு வழிய மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். விரிப்பு முழுக்க என் மனைவி மிளகாய் காயப்போட்டிருந்தாள். சார் குனிந்து ஒரு மிளகாயை எடுத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே விதை கலகலத்தது. "நல்லாத்தான் காயுது" என்று சொல்லிவிட்டுக் கீழே போய், 'பயன்பாட்டில் உள்ளது, வேறு நோக்கத்துக்கு' என்று பதிந்தார். அதற்கப்புறம் தொப்பையைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

நூர்ஜஹான் அக்கா பாடு இன்னும் மோசம். அவர் வாங்கிய சுடிதார் பத்தவில்லை. திருப்பி அனுப்ப இரண்டு நாள்தான் பாக்கி என்றதும், சார் முழுத்தாளில் எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டார். 'பொருள்: சுடிதார், அளவு போதாமை, திருப்பி அனுப்புதல் தொடர்பாக. பார்வை: தங்களது ஆர்டர். நினைவூட்டு 2.'

அக்கா தாளோடு சந்தின் நடுவுக்கு வந்துவிட்டார். "யா அல்லா! ஏன் சார், நான் குண்டாயிட்டேன்னு ஊருக்கே தபால் போடுவீங்களா?"

"ஊருக்கெல்லாம் இல்லம்மா" என்றார் சார், கொஞ்சமும் அசராமல். "நகல் ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன். மாடித் தம்பிக்கு."

சாரின் மனைவியிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். "எப்படிக்கா இவர வச்சுச் சமாளிக்கிறீங்க?"

"போன வாரம் இட்லித் துணி வாங்குனேன் தம்பி. அதுக்கும் நம்பர் போட்டாரு. நனைஞ்ச துணியப் பிழிஞ்சு பிழிஞ்சு நம்பரத் தேடுறேன்" என்று சிரித்தவர், வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அது பாட்டுக்கு இருக்கட்டும். ரிட்டயர் ஆன புதுசுல மூணு மாசம் டிவி முன்னாலயே உக்காந்திருந்தாரு. டிவியப் போடாமயே! சோறு வச்சா சாப்புடுவாரு, வைக்கலன்னா கேக்க மாட்டாரு. அம்புட்டுப் பயந்துட்டேன். இந்த ஷீட்டு வந்த பெறகுதான் சட்டையப் போட்டுக்கிட்டு நாலு வீட்டுக்குப் போறாரு, வாராரு."

இதைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

ஒரு பதிவேட்டைத் தொடர்வதா, முடிப்பதா என்று வருடத்துக்கு ஒருமுறை முடிவெடுப்பது சார் இருந்த ஆபீஸ் வழக்கமாம். ஷீட்டுக்கு வருடம் முடிந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "நீங்க எழுதுற ஆளு தம்பி. ஒளிவு மறைவில்லாமச் சொல்லுங்க. இதனால பிரயோஜனம் இருக்கா? இல்லன்னா முடிச்சுருவோம்."

நானும் பெரிய மேதாவி மாதிரி, "தெனம் எம்புட்டு நேரம் ஆகுது சார்?" என்றேன்.

"ஒரு மணி நேரம்."

"வருஷத்துல திருப்பி அனுப்புனது என்னென்ன?"

"நூர்ஜஹான் சுடிதார் ஒண்ணு. உங்க செருப்பு ஒரு ஜோடி."

"வருஷம் பூரா உக்காந்து ஒரு சுடிதாரயும் ஒரு ஜோடிச் செருப்பயும் மீட்டிருக்கீங்க! செருப்பு பத்தலைன்னா காலே சொல்லிருமே சார், அதுக்கு எதுக்கு ஷீட்டு?"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். சார் சிரிக்கவில்லை. "கரெக்டுதான்" என்று லேப்டாப்பை மூடினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

மறுநாளிலிருந்து பார்சல்கள் அவர் வீட்டு வாசலில் அநாதையாகக் கிடந்தன. நூர்ஜஹான் அக்காவின் லேஸ் கட்டு எங்கள் அடுப்படிக்கு வந்தது. எங்கள் குக்கர் ரப்பர் அவருடைய தையல் மெஷின் மேல் மூன்று நாள் கிடந்தது. இதையெல்லாம் நாங்கள் சிரித்துச் சமாளித்தோம். பத்தாம் நாள் சாரின் மனைவி மேலே வந்தார்.

"தம்பி, அவருகிட்ட என்ன சொன்னீங்க? மறுபடியும் டிவி முன்னால உக்காந்துட்டாரு. போடல."

என்னை நானே நாலு அறை விடலாம் போலிருந்தது. எல்லாம் தெரிந்திருந்தும், ஒரு வாய்ச் சவடாலுக்கு ஆசைப்பட்டு அந்த மனுஷனை முடக்கிவிட்டேனே. அப்படியே கீழே இறங்கினேன். சார் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், அன்னைக்கு நான் சொன்னது தப்பு. ஷீட்டு வேணும்."

"எதுக்கு? கணக்கு சரியாத்தான இருந்துச்சு."

பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதுகிறவன், அந்த இடத்தில் ஒரு நல்ல பொய் கிடைக்காமல் முழித்தேன். கடைசியில் உண்மையே வந்துவிட்டது. "நீங்க மாடிக்கு வராம எனக்கு என்னமோ மாதிரி இருக்கு சார். அதுக்காகத்தான்."

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுத்துல குடுங்க" என்றார்.

அங்கேயே ஒரு தாளில் எழுதினேன். 'பொருள்: பதிவேட்டைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டுதல். பார்வை: எனது மடத்தனமான கருத்து.' சார் இரண்டு தடவை படித்தார். 'மடத்தனமான' என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்தார். பிறகு மனைவியிடம், "ஏத்தா, என் சட்டைய எடு" என்றார். அந்த அம்மாள் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சட்டையை எடுத்து வந்தார்.

"புதுசா என்ன வாங்குனீங்க தம்பி?"

"ஒண்ணும் வாங்கலையே சார்."

"ஒண்ணும் வாங்காம எதப் பதியிறது?"

அவர் எதிரிலேயே போனை எடுத்து, எலுமிச்சம்பழம் பிழிகிற ஒரு சாமானை ஆர்டர் செய்தேன். வர ஆறு நாள் ஆகும் என்றது.

அது எப்படியும் அவர் வாசலில்தான் வந்து இறங்கும். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் தினமும் காலையில் படியேறி வந்து, "வந்துச்சா தம்பி?" என்று கேட்பார். "இன்னும் வரல சார், உக்காருங்க" என்பேன். அந்தச் சாமான் வழியில் எங்கேயாவது தாமதமாகட்டும் என்று, ஆறு நாளும் வேண்டிக்கொண்டேன்.