மகளை ‘ஏன் மேடம்’ வகுப்பிலேயே விட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் பணிவுடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் தங்கையும் மகளும் சுகம். என் மானம் மட்டும் சற்றுச் சுகமில்லை. போனில் பேசினால் மகள் காதில் விழும் என்பதால் கடிதம்.

போன வாரம் உங்களைப் படுத்தியெடுத்தது நினைவிருக்கும். கல்லூரியில் கணக்குக்கு இரண்டு பேராசிரியர்கள். கேட்டவர்க்கெல்லாம் தொண்ணூறு போடும் ‘வள்ளல்’ ஐயாவை விட்டுவிட்டு, யாரும் எட்டிப் பார்க்காத ‘ஏன் மேடம்’ வகுப்பில் உங்கள் மருமகள் தானாகப் போய்ச் சேர்ந்தாள். முதல் பரீட்சையில் முப்பத்தொன்று. நான் பதறிப்போய், முதல்வர் உங்கள் நண்பர்தானே, அவளுக்குத் தெரியாமல் வள்ளலிடம் மாற்றிவிடச் சொல்லுங்கள் என்று உங்கள் உயிரை எடுத்தேன். வரும் திங்கட்கிழமை மாற்றுவதாக அவரும் சொல்லிவிட்டார். மச்சான், காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், அதை நிறுத்துங்கள்.

நேற்று மாற்றல் எந்த அளவில் இருக்கிறதென்று பார்க்கக் கல்லூரிக்குப் போனேன். “மேடம் கையெழுத்து வேணும் சார், மாடியில கிளாஸ்ல இருக்காங்க” என்றார் குமாஸ்தா. வாசலில் தயங்கி நின்றேன். மேடம் குட்டையான மனுஷி, குரலும் சன்னம். “உள்ள வந்து உக்காருங்க. நாலு கால் மேசை ஆடுது, மூணு கால் ஸ்டூல் ஆடல. ஏன்?” என்றார். என்னை, மச்சான்! வாழ்நாளெல்லாம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அதிகாரம் பண்ணிய என்னை! “தரை சரியில்லம்மா” என்றேன். “அதே தரையிலதான ஸ்டூலும் நிக்குது?” “ஸ்டூலுக்கு ஒரு கால் குறைச்சல்...” பிள்ளைகள் சிரித்தார்கள். உங்கள் மருமகள் டெஸ்க்குக்கு அடியில் புகுந்துகொள்ளப் பார்த்தாள். மேடம் சிரிக்கவில்லை. “நல்லா ஆரம்பிச்சிருக்கீங்க. கால் குறைஞ்சா ஏன் ஆடாது?” எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் விடை தெரியாமல் எழுந்துபோகவும் மனசு வரவில்லை.

அப்போது நம் பெண் எழுந்தாள். வீட்டில் எதைக் கேட்டாலும் “தெரியலப்பா” என்று கதவைச் சாத்துகிறவள், சாக்பீஸை எடுத்து, மூன்று புள்ளிகளை எங்கே வைத்தாலும் ஒரே தளத்தில் அடங்கிவிடும், நாலாவதுதான் முரண்டு பிடிக்கும் என்று படம் போட்டாள். “மூணும் ஒரே கோட்டுல இருந்தா?” என்றார் மேடம். மூன்று புள்ளிகளையும் ஒரே கோட்டில் போட்டுப் பார்த்தாள். “அப்ப ஸ்டூலே விழுந்துடும் மேடம்.” “ஒத்துக்க மாட்டேன். ஒத்துக்க வை.” அழித்தாள், மறுபடி போட்டாள், மல்லுக்கு நின்றாள். கடைசியில் மேடம் “சரி” என்றார். அவ்வளவுதான். அதற்கு அவள் முகத்தில் வந்த வெளிச்சம், பள்ளிக்கூடத்தில் தொண்ணூறு தொண்ணூறாக வாங்கியபோதுகூட வந்ததில்லை. இவளா நம் வீட்டில் இருக்கிறாள் என்று பிரமித்துப் போனேன். கண் கலங்கிவிட்டது. மாற்றலைப் பற்றி மூச்சுவிடாமல் படியிறங்கி வந்துவிட்டேன்.

ஆகவே முதல்வரிடம் உடனே சொல்லுங்கள். விஷயம் அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் என்னோடு பேசவே மாட்டாள்.

அக்காவுக்கு வணக்கமும், பிள்ளைகளுக்கு வாய் நிறைய வாழ்த்தும்.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும்
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்துவிட்டாள். முதல்வர் அவசரப்பட்டு, மேடம் கையெழுத்துக்குக்கூடக் காத்திராமல், இன்றைக்கே மாற்றல் உத்தரவைக் கொடுத்துவிட்டாராம். இவளே அவர் அறைக்குப் போய் வாதாடி ரத்து பண்ணிவிட்டாளாம். ஆகவே நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். “யாருப்பா மாத்தச் சொன்னது?” என்றாள். உங்களைச் சொல்லிவிட்டேன். “மாமா ஏன் அப்படிச் செய்யணும்?” என்றாள். “மாமாவையே கேளு” என்றேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறாள். மழுப்பிப் பார்க்காதீர்கள், மச்சான். நான் மழுப்பிப் பார்த்துவிட்டேன். அவளுக்கு எல்லாம் தெரியும். உங்கள் வாயால் கேட்கத்தான் வருகிறாள்.