டேக் பார்ட் பண்ணிய படலம்

மகள் கலையரசியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். இந்த முறை மனைவி இருதயமேரியைப் பேசவிடக் கூடாது, நானே இங்கிலீஷில் வெளுத்து வாங்குவது என்று முடிவு செய்தேன். திண்டிவனத்தில் எலெக்ட்ரிக் கடை வைத்து விழுப்புரம் வரை பேர் வாங்கிய சவுரிராயன் நான், போன வருஷம் பெண்டாட்டி முதுகுக்குப் பின்னால் நின்றது போதும்.

ஒரே ஒரு சிக்கல். எனக்கு இங்கிலீஷ் வராது. மேரிக்கு வரும். அவள் சாயங்கால வகுப்புக்குப் போனபோது, "கவர்னராவப் போறியா, களி கிண்டப் போறியா?" என்று கேட்டவன் நான். அதே வாயால், "நாலு வரி சொல்லிக் குடேன்" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். உடனே நாலு வரி சொல்லிக் கொடுத்தாள். ஐ வில் டேக் பார்ட். ஐ வில் கெட் இன்வால்வ்டு. ஐ வில் பிளே அன் ஆக்டிவ் ரோல். ஐ வில் ஜாயின் இன் வித் ப்ளஷர்.

"எல்லாம் ஒரே மாதிரி கீதே?"

"எல்லாம் கலந்துக்கறதுதாங்க. அப்பாங்க கலந்துக்கினாதான் மிஸ்ஸுங்களுக்குப் புடிக்கும். எது கேட்டாலும் இதுல ஒண்ண எடுத்து வுடுங்க."

கடையில் ஃபேன் மோட்டாருக்குக் காப்பர் காயில் கட்டியபடியே மனப்பாடம் செய்தேன். சுவிட்ச் என்ன விலை என்று கேட்ட ஷபியுல்லா பாயிடம் "கெட் இன்வால்வ்டு" என்றேன். மனிதர் பேஜாராகி எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

கூட்டத்தில் பெரிய மிஸ் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அப்பாக்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்து முதல் வரியை விட்டேன். கைதட்டல். அடுத்தடுத்துக் கேட்டார். கையிருப்பு மொத்தமும் தீர்ந்தது. கலையரசி மட்டும் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் மேரியிடம், "ஆமா, என்னதான் கேட்டாங்க?" என்றேன்.

"ஆண்டு விழாவுல அப்பாங்களுக்குச் சமையல் போட்டி. யாரு வர்றீங்கன்னாங்க. நீங்கதான் மொத ஆளு."

எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. "ரெண்டாவது?"

"அதுவரைக்கும் வூட்ல தெனம் சமைச்சுப் பழகுவீங்களான்னு."

"மூணாவது?"

"பாத்திரம் கழுவறதுலயும் பங்கு உண்டான்னு. கடைசியா, பசங்க டான்ஸ் ஆடறப்ப நீங்களும் ஆடுவீங்களான்னு கேட்டாங்க."

மகள் ஏன் முகத்தை மூடினாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவமானமாக இருந்தது. போன வருஷம் போலவே மேரியின் பின்னால் நடந்தேன்.

"ஒனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமா?"

"கேள்வி தயார் பண்ண பெத்தவங்க கமிட்டில நானும் டேக் பார்ட் பண்ணேங்க."

இப்போது தினமும் நான்தான் கேப்பைக் களி கிண்டுகிறேன். அந்த வித் ப்ளஷர் மட்டும் இன்னும் வரவில்லை.