அட்டை பிறந்த கதை

எஹலியகொட ரோட்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் பஸ் வந்தது, கை காட்டவில்லை. ரப்பர் தோட்டத்து ஆள் யாராவது அதில் இருந்தால் முகத்தை எங்கே வைப்பது? அன்று காலை வரை நான் வாத்தியார். மொத்தம் ஒன்பது நாள்.

சின்னப் பிள்ளைகளின் டீச்சர் பிரசவத்துக்குப் போயிருந்தார். எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டு ஓடிவந்த எனக்கு அந்த இடத்தை வாங்கித் தந்தவர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. (நான் கேட்டது ரப்பர் வெட்டும் வேலை. என் கையைப் பார்த்துவிட்டு, கத்தியைக் கொடுத்தால் மரம் செத்துவிடும் என்றார்.) சாப்பாடு, படுக்கை எல்லாம் அவர் வீட்டில். அவர் மகள் செல்வி என் வகுப்பில் இருந்தாள்.

எனக்குத் தெரிந்த பாடம் ஐந்தாம் நாளே தீர்ந்துபோனது. மிருகங்கள் பிறந்த கதைகளை அவிழ்த்துவிட்டேன். தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பதுபோல் சாமி விடியக்காலையில் பெரட்டு வைத்து, வரிசையாக நிற்கும் மிருகங்களுக்கு வேலை பிரிக்கிறார். யானைக்கு மரம் இழுக்கும் வேலை. வௌவால் பிந்தி வந்ததால் தலைகீழாகத் தொங்கும் தண்டனை. எட்டாம் நாள் சொன்ன கதையில், கடைசியாக வந்தது மட்டும், "எனக்கு வேல வேணாஞ் சாமி, மத்தவங்க கால்ல ஏறி வயித்த நெரப்பிக்கிறேன்" என்றது. அதுதான் அட்டை.

"எங்க கங்காணி மாதிரியா சேர்?" என்றான் ஒருவன்.

"அதே ஆளுதான்டா!" என்றேன்.

தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக என் அப்பாவைக்கூட அட்டையாக்கியிருப்பேன். செல்வி சிரிக்காததை நான் கவனிக்கவில்லை. அன்று மாலையும் அவள் வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினேன்.

ரப்பர் மலையில் காலில் அட்டை ஏறினால் உப்பு வைப்போம், சுருண்டு விழுந்துவிடும். மறுநாள் கங்காணி மகளைக் கைபிடித்து அழைத்து வந்தபோது, என் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி உப்போடு காத்திருந்தார்கள். அவர் காலில் கொட்டிவிட்டு, சுற்றிக் குந்திக்கொண்டார்கள்.

"இன்னும் விழல சேர்," என்று எனக்குத் தகவல் வேறு.

கங்காணி என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் பிழைத்திருப்பேன்.

செல்வி அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "சேர், நெறைய போட்டா அப்பா விழுந்துருவாரா?"

'பொய் சொன்னேன் பாப்பா' என்றால் போதும். வௌவாலுக்கே கதை கட்டியவனுக்கு அது வாயில் வரவில்லை.

"விழ மாட்டேன் பாப்பா," என்று கங்காணிதான் சொன்னார். குனிந்து உப்பைத் தட்டிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பையை எடுக்க வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டார்: "ஏந் தம்பி, ஒம்போது நாளா யாரு சோத்துல ஒங்க வயிறு நெறஞ்சிச்சு?"

(இப்போதும் நான் கதை சொல்ல வாயைத் திறந்தால், என் வீட்டுக்காரி பிள்ளைகளிடம், "மொதல்ல உப்பு டப்பாவ ஒளிச்சு வைங்க" என்பாள்.)

மறுநாள் காலை ஒரு மாணிக்கக்கல் குழியில் தண்ணீர் இறைக்கச் சேர்ந்தேன். இதற்கு முன் என்ன வேலை என்று முதலாளி சிங்களத்தில் கேட்டார், வாளியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். பகல் சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் சோற்றைக் குவித்தார்கள். என் முறை வந்தபோது, பாதி போதுமென்று தட்டுக்கு மேலே கையை வைத்தேன்.