பதினோராவது வாரமும் எக்ஸ்

பதினோராவது வாரமாக வரைபடத்தின் தலையில் ‘எக்ஸ்’ என்றே அச்சாகி வந்தது.

"யாருய்யா இந்த எக்ஸ்?" என்றார் ஆய்வக மேனேஜர். "குடிதண்ணில குளோரின் எவ்வளவுன்னு கேட்டா, ‘எக்ஸ்’னு வருது! வாராவாரம் மேல் மாடிக்கு இதையே அனுப்பி மானத்தை வாங்கறே. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணு."

புள்ளியியல்காரன் தலையாட்டினான். ஆர் என்ற கணினி மொழியில் அந்த வரைபடம் போடும் ஃபங்ஷனை, அதாவது சின்ன நிரலை, எழுதியவள், மேல் மாடிக்கு மாற்றலாகிப் போன பக்கத்து நாற்காலிக்காரி. கொடுத்த அட்டவணையின் பெயரையே அது தலைப்பாகப் போட்டுக்கொள்ளும். அவள் போனபின் இவன் அதைத் தன் ஃபங்ஷன் ஒன்றுக்குள் வைத்தான். அன்றிலிருந்து வந்தது வினை. அட்டவணை கைமாறும்போது அசல் பெயர் வாசலோடு நின்றுவிடும். உள்ளே அதற்கு இவன் தற்காலிகமாக வைத்த ‘எக்ஸ்’ என்ற பெயர்தான் தெரியும்.

அட்டவணையின் அசல் பெயர் ‘வாலு’. அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். கூப்பிட ஆளில்லாமல் போனதும் அட்டவணைக்கு வைத்துவிட்டான். ஒரு நாளாவது அது அவள் கண்ணில் படாதா என்று ஏங்கினான். மாடி ஏறிப் போய்ப் பேசத்தான் தைரியமில்லை.

அவள் ஃபங்ஷனில் இரண்டு வரி மாற்றினால் தீர்ந்தது. ஆனால் அவள் எழுதியதில் ஒரு காற்புள்ளியைத் தொடவும் மனம் வரவில்லை.

பெயரை விட்டுவிட்டு அட்டவணையையே நேராக உள்ளே தள்ளிப் பார்த்தான். தலைப்பில் அறுநூறு எண்கள் கொட்டி வரைபடத்தை மூடின. பட்டியலாக்கி ஒவ்வொன்றாக ஓடவிட்டான். எக்ஸ் இப்போது அடைப்புக்குறிகளோடு குடும்பம் குட்டியாக வந்து இறங்கியது.

"விளங்கிடும்!" முதுகுக்குப் பின்னால் மேனேஜர்.

வேறு வழியில்லை. அவள் ஃபங்ஷனைத் திருத்த மனமில்லாமல் அப்படியே வெளியே எடுத்துவிட்டு, தானே புதிதாக எழுதினான். தலைப்பில் ‘வாலு’ என்று அடிக்க விரல் துடித்தது. மேனேஜர் நகர்கிற மாதிரி தெரியவில்லை. ‘குளோரின் அளவு’ என்று அடித்தான்.

"அப்பாடா!" என்றார் அவர்.

பியூன் அண்ணன் வழக்கம்போல் தாளை அவள் மேஜையில் சேர்க்க மாடி ஏறினார். இறங்கி வந்தபோது முகம் சரியில்லை.

"என்னண்ணே, பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க தம்பி. வாராவாரம் அந்த எக்ஸைப் பார்த்ததும், ‘நான் எழுதினதை இன்னும் உள்ள வச்சிருக்கார்’னு சிரிச்சு, தாளை டிராயர்ல பத்திரப்படுத்துவாங்க. இன்னிக்கு, ‘தூக்கிப் போட்டுட்டாராண்ணே?’ன்னு மட்டும் கேட்டாங்க."