மெசினில் ஏறிய பேர்கள்

1982 ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்ப் பக்கத்துக் கமக்காரர் சங்கமொன்றுக்குக் கொழும்பு மேலிடம் ஒரு கொம்பியூட்டரை அனுப்பி வைத்தது. கூடவே ஒரு கடிதம். வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார். அதற்குள், பயிர் செய்கிற கமக்காரருக்குக் கொடுக்கும் உரப் பட்டியல் மெசினில் ஏறாவிட்டால் பொறுப்பான கிளாக்கர் சண்முகநாதன் மொனராகலைக்கு மாற்றப்படுவார்.

மொனராகலை என்றால் தெற்கே எங்கேயோ ஒரு காட்டுப் பக்கம். மனுசன் கொழும்பில் மூன்று நாள் பயிற்சி எடுத்தவர்தான். விளங்கியது ஒன்றே ஒன்று: தகவல் பதிகிற தட்டிலே இடம் கொஞ்சம், மெசின் ஓடுவதற்கு வேண்டிய சிஸ்டத்தை மட்டும் ஏற்று, வேறொன்றையும் ஏற்றாதே. அப்படியே ஏற்றினார். திரையில் பச்சைக் கோடொன்று சிமிட்டியது. பட்டியலுக்குத் தாராளமாக இடம் மிச்சம்.

"ஆர் ஆர் மெசினைப் பாவிக்கலாம் எண்டு கேக்குது, ஐயா. பேர் குடுக்கவேணும்," என்றார் தலைவர் நடராசாவிடம்.

"என்ரை பேரைப் போடும். ஜே.பி. பட்டத்தை விட்டிடாதையும்."

பொருளாளர் பொன்னம்பலம் எட்டிப் பார்த்தார். "அப்ப நான் ஆர்? கோயில் திருவிழா நோட்டீசிலையே என்ரை பேரை விட ஏலாது!"

வியாழன் பின்னேரத்துக்குள் நிர்வாகசபையார், முன்னாள் நிர்வாகசபையார், காலஞ்சென்ற ஸ்தாபகர் எல்லாரும் பட்டம் பதவிகளோடு உள்ளே போய்விட்டார்கள். காலஞ்சென்றவருக்கும் விதிப்படி ஓர் இரகசியச் சொல் வழங்கப்பட்டது. சண்முகநாதன் தன் பேருக்குப் பின்னால் 'பிரதம கொம்பியூட்டர் பணிப்பாளர்' என்று தானே ஒரு பட்டமும் கட்டிக்கொண்டார். ஏற்றினவர் அவரல்லவா! உரப் பட்டியலுக்கு இடமில்லை என்றது மெசின்.

வெள்ளிக்கிழமை அதிகாரி தில்லைநாதன் வந்தார். திரையில் பேர்கள் வரிசையாக ஓடின. அவர் முகம் கறுத்தது.

"என்ரை பேர் எங்கை?" என்றார் அதிகாரி.

"இடமில்லை, சேர். ஏதும் ஒண்டை அழிச்சாத்தான்..."

"அழியும்."

தலைவரை அழித்தால் சங்கக் கந்தோரில் வேலை பார்க்க ஏலாது. காலஞ்சென்றவரை அழித்தால் மகன் அடிக்க வருவான். தன் பேரை அழிக்கலாம்; ஆனால் மனைவி மகாதேவி அந்தப் பட்டத்தை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாளே! யாருடைய பேருமில்லாமல் தட்டிலே கிடந்தது சிஸ்டம் ஒன்றுதான். அதை அழித்து, அந்த இடத்தில் அதிகாரியின் பேரை ஏற்றினார்.

ஓடிக்கொண்டிருந்த மெசின் அன்றைக்கு மட்டும் தாக்குப்பிடித்தது. அதிகாரி தன் பேரை மூன்று தரம் வாசித்தார். மொனராகலை மாற்றத்தை ரத்துச் செய்து, 'மாகாணத்துக்கே முன்மாதிரி' என்று எழுதிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை திரும்பப் போட்டபோது, சிஸ்டம் இல்லாத மெசின் எழும்பவில்லை. கமக்காரர் பரமலிங்கம் உள்ளே வந்தார். புகையிலைக்கு உரமில்லாமல் மூன்று வாரமாக அலைகிற மனுசன்.

"தம்பி," என்றார் பரமலிங்கம் மெதுவாக, "உரத்தைப் பிறகு பாப்பம். உந்த மெசினுக்குள்ளை என்ரை பேர் ஏறிட்டுதோ?"