பூம்பாறையில் ஒரு முழுப்பூட்டு

உலகில் ரகசியம் காத்த மாபெரும் அமைப்புகளை வரிசைப்படுத்தினால், முதலிடம் பூம்பாறை பூண்டு விவசாயிகள் சங்கத்துக்கே. யாருக்கு எவ்வளவு விதைப்பூண்டு என்ற விவரம் அங்கே கம்ப்யூட்டரின் நினைவகத்துக்குள்ளேயே என்க்ரிப்ட் ஆகி, அதாவது சங்கேத எழுத்தாகப் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. கம்ப்யூட்டரின் சொந்தக்காரரே எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

இந்த அதிசயத்தைச் செய்து கொடுத்தவள் மகாதேவி. அட்டுவம்பட்டியில் வீட்டிலிருந்தபடியே ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்மையமான கெர்னலில் வேலை பார்ப்பவள். அவள் அம்மா அழகம்மாள் பூம்பாறையில் படிவயலை உழுதுபோட்டு விதைக்குக் காத்திருந்தாள். நல்ல மழை பெய்திருந்தது. இந்த ஈரம் போனால் இந்தப் போகம் போச்சு.

ஒரு சின்ன வேலை பாக்கி என்றாள் மகாதேவி. பிரிண்டர் பூட்டுக்கு வெளியே இருக்கிறது. நினைவகத்தில் ஒரு மூலையைப் பூட்டாமல் விட்டால், வெளியே போக வேண்டியதை மட்டும் கெர்னல் அங்கே எடுத்து வைக்கும்; பிரிண்டர் அதைப் படித்து, குடோனில் காட்டி விதை வாங்கும் சீட்டை அடித்துத் தரும்.

பூட்டாத மூலையா! சங்கத் தலைவர் சேனாதிபதி அவசரக் கூட்டம் கூட்டினார். வடைக்குப் பின் 'முழுப்பூட்டுத் தீர்மானம்' ஏகமனதாக நிறைவேறியது.

"சாமிக்கு அலங்காரம் நடக்கையில திரை போடுறோம்ல, அதுமாதிரிம்மா," என்றார் மகாதேவியிடம்.

"திரைய எடுத்தாத்தானேங்க தரிசனம்?"

"அதுக்கு நேரம் வரணும்."

மூலையும் பூட்டப்பட்டது. பிரிண்டர் விதைச்சீட்டுகளைக் கக்கியது. அத்தனையும் ஒன்றும் விளங்காத எழுத்துக் குப்பை. 'பாதுகாப்பின் சிகரம்' என்று தலைவர் பிரிண்டருக்கு மாலை போட்டார். சீட்டில் பெயரே இல்லை என்று குடோன்காரர் அழகம்மாளைத் திருப்பி அனுப்பினார். பின்னாலேயே ஊரும் திரும்பியது.

"பூட்டினவ நீதானத்தா. வெரசாத் தொறந்து விடு," என்றாள் அழகம்மாள்.

தலைவர் அனுமதியின்றித் திறக்க வழியில்லை. அந்தப் பாதுகாப்பையும் மகாதேவிதான் செய்திருந்தாள்.

ஈரம் காய்ந்தது. வெறும் வயலைப் பார்த்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்ததை, பூம்பாறைக்கு வந்த மகாதேவியால் தாங்க முடியவில்லை. தலைவர் வீட்டுக்கு நடந்தாள். வழியில் ஒரே ஒரு வயலில் மட்டும் பூண்டு பச்சைப்பசேலென்று முளைத்திருந்தது. தலைவருடைய வயல்.

"மெமரியில இருந்து ஒரு எழுத்து வெளிய வரல. உங்க வயலுக்கு மட்டும் எப்படிங்க விதை வந்துச்சு?"

சேனாதிபதி பரிவோடு சிரித்தார்.

"விதை என்னைக்கும்மா மெமரியில இருந்துச்சு? அது குடோன்லதானே கெடக்கு. சாவி எங்கிட்ட."