ரயில்வே கேட்டில் நின்ற நிச்சயதார்த்தம்

மஞ்சக்குட்டை,
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி சந்திரசேகர் அவர்களுக்கு, பொன்னுவேல் கைகூப்பி எழுதுவது. இங்கே நாங்களும் காப்பிச் செடிகளும் நலம். தாங்களும், தங்கள் துணைவியாரும், எங்கள் மருமகளாக வரவேண்டிய புவனாவும் நலமாக, முக்கியமாகக் கோபம் தணிந்து, இருக்க வேண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பந்தல் போட்டு இலை விரித்துக் காத்திருக்க, நாங்கள் வராமல் போனது பெரிய குற்றம்தான். ஆனால் "உங்களுக்கு இஷ்டமில்லீன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறமுங்க" என்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து என் மகன் வெங்கடேஷ் சோறு தின்னாமல் கிடக்கிறான். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம்.

அடிவாரம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. தட்டு, பூ, பழம், என் அக்கா ஆராயி எல்லாம் ஜீப்பில் பத்திரமாக இருந்தன. உங்கள் ஊருக்கு முந்தின ரயில்வே கேட்டில் போய் நின்றோம். கேட் மூடியது. அந்தக் கேட்டை ஆரஞ்சு மூட்டையோடு சந்தைக்கு இறங்கிய காலத்திலிருந்து நான் பார்க்கிறேன். முதலில் தள்ளிச் சாத்துகிற இரும்புக் கதவு, சங்கிலி, பூட்டு, சிவப்புக் கண்ணாடி போட்ட மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு சக்கரத்தைச் சுற்றினால் ஏறி இறங்குகிற கம்பம், கூடவே கணகணவென்று மணி. என் கல்யாணத்துக்குப் போகும்போது அந்த மணி அடித்ததைக் கேட்டுத்தான் அக்கா "நல்ல சகுனம்டா சாமி" என்றாள். இப்போது பட்டனை அழுத்தினால் மோட்டாரில் இறங்கும் கம்பம், பளிச் பளிச்சென்று விளக்கு, மணிக்குப் பதில் ஹூட்டர். கேட் பூட்டாமல் ரயிலுக்குப் பச்சை விழாதுங்க, அப்படி ஒரு ஏற்பாடு! அடடா, விஷயத்துக்கு வருகிறேன்.

ஹூட்டர் ஊதியதும் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏன்டா பொன்னு, எழவு ஊட்டுச் சங்கு மாதிரி ஊதுது. நல்ல காரியத்துக்கா போறோம்? வண்டியத் திருப்பு!" எப்படித் திருப்புவது? பின்னால் லாரி. நான் இறங்கி ஓடி, கேட்டில் வேலை பார்க்கும் மேனகாவிடம், "ஏனுங்கம்மணி, அந்தப் பழைய மணிய ஒருவாட்டி அடிச்சு உடுங்க" என்று கெஞ்சினேன். "அதக் கழட்டிட்டுப் போயி நாளாச்சுங்கண்ணா. மொதல்ல தண்டவாளத்த உட்டுத் தள்ளி நில்லுங்க" என்று விரட்டிவிட்டார். அப்போது கடவுளாகப் பார்த்து ஒரு பஞ்சுமிட்டாய்க்காரரை அனுப்பினார். அவரை ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி அவர் கையிலிருந்த மணியை அடிக்கச் சொன்னேன். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இப்பப் போலாம்" என்றாள். கேட்டும் திறந்தது. டிரைவர் மாதேஷ் சாவியைத் திருகுவதற்குள் பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகள் பஞ்சுமிட்டாய்க்கு ஜீப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களை விலக்கி வண்டி நகர்ந்தால், மறுபடியும் ஹூட்டர்! சரக்கு ரயில் வேறு ஆடி அசைந்து வந்தது. அது போய் முடிவதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. அக்கா தட்டின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டாள், வந்த வழியே திரும்பிவிட்டோம்.

இதில் என் தப்பு ஏதாவது இருக்கிறதா, நீங்களே சொல்லுங்க. எல்லாம் அக்காவின் சகுனப் பைத்தியம். வேறு நாள் குறித்துக் கொடுங்கள். அக்காவை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறேன். புவனாவுக்கு எங்கள் ஆசிகள். தங்கள் துணைவியாருக்கு வணக்கம்.

என்றும் தங்கள் உறவையே விரும்பும்,
பொன்னுவேல்

பி.கு.: மாமா, வெங்கடேஷ் எழுதறேனுங்க. தபால்ல போடச் சொல்லி அப்பா குடுத்தாரு, படிச்சுப் பாத்தேன். ஆராயி அத்தை மேல பழி போட்டிருக்காரு. நாங்க போனப்ப கேட் தொறந்துதானுங்க இருந்துச்சு. அப்பாதான், "நிறுத்து மாதேஷு, மூடட்டும், புது ஹூட்டரக் கேட்டுட்டுப் போலாம்"னு வண்டிய நிறுத்த வெச்சாரு. எனக்குப் புவனாவ நொம்பப் புடிச்சிருக்குங்க, தயவுபண்ணி வேற எடம் பாத்துராதீங்க. அடுத்தவாட்டி அப்பாவக் கேட்டுலயே எறக்கி உட்டுட்டு, அத்தையோட நாங்க வந்து நிச்சயம் பண்ணிக்கறோம். திரும்பறப்ப அவர ஏத்திக்குவோம். அவருக்கு மட்டும் சாப்பாட்ட எலையில கட்டிக் குடுத்துருங்க, போதும்.